இரண்டாவது சுற்று

பிரிந்த காதலர்களைச் சேர்த்து வைப்பது நாவலாசிரியனுக்கு மிக எளிய காரியம் என்று வாசகர்கள் நினைக்கிறார்கள். ஒரு ரயில் நிலையம், ஒரு மழை, ஒரு பழைய கடிதம், தீர்ந்தது விஷயம்! அவ்வளவு எளிதென்றால் என் தொடர்கதையின் நாயகன் மூன்று வாரமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க மாட்டான்.

அவன் கார்ப் பந்தய வீரன். வேகத்தின் மீதிருந்த மோகத்தில், தன்னை நேசித்த பெண்ணைக் கை நழுவவிட்டவன். பல ஆண்டுகளுக்குப் பின், மனம் உடைந்து, அவள் வாழும் திருவண்ணாமலைக்கு வந்து நிற்கிறான். "சேர்த்து வையுங்கள்" என்று கடிதங்கள் வருகின்றன.

விட்டுப்போன காதல் திரும்பக் கிட்டுவதற்கு நம்மிடையே சாட்சி இல்லாமலில்லை. நடிகர் அஜித்குமார் பந்தயத்தின் மீது கொண்ட காதல் ஊரறிந்தது. 2003-ல் பார்முலா பி.எம்.டபிள்யூ ஆசியப் போட்டியிலும், 2010-ல் பார்முலா 2 போட்டியிலும் ஓட்டியவர், பிறகு நெடுங்காலம் களத்தைவிட்டு விலகியிருந்தார். 2025 ஜனவரியில், 53-வது வயதில், தம் பெயரிலேயே ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு துபாயின் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமின்றி இறங்கினார், மறுபடியும் ஏறினார். அவருடைய அணி 992 என்னும் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

இந்தச் செய்தியை மனத்தில் போட்டுக்கொண்டு கிரிவலம் புறப்பட்டேன். இந்திரலிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள்; 14 கிலோமீட்டர்; வெறுங்கால். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. பந்தயமும் வட்டம், வலமும் வட்டம் என்று எண்ணியபடி நடந்தபோது ஒன்று தோன்றிற்று. பந்தயத்தில் தவறவிட்ட வளைவு அடுத்த சுற்றில் மறுபடி எதிரே வரும். ஆனால் அதற்குள் டயர் தேய்ந்திருக்கும். முதல் சுற்றில் பிரேக் போட்ட இடத்திலேயே இப்போதும் போட்டால் வண்டி பாதையைவிட்டுப் போய்விடும். வளைவு பழையது, வண்டி பழையதல்ல.

இந்த ஊருக்கே உரிய கதையும் இதைத்தான் சொல்கிறது. வாழ்வை வீணாக்கிவிட்டோமே என்று மனம் வெறுத்து, அருணகிரிநாதர் இங்கே கோபுரத்தின் மேலிருந்து குதித்தார் என்றும், முருகன் அவரைத் தாங்கிக்கொண்டான் என்றும் கர்ணபரம்பரை. உயிர் திரும்பக் கிடைத்தது. பழைய வாழ்வு திரும்பவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. கிடைத்த உயிரைக் கொண்டு திருப்புகழ் பாடினார்.

என் நாயகனோ பழைய வாழ்வையே கேட்கிறான். அங்கேதான் சிக்கல். அஜித்குமார் திரும்பிச் சென்றது ஒரு பாதைக்கு. பாதைக்கு மனம் கிடையாது, "இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய்?" என்று அது கேட்பதில்லை. பெண் கேட்பாள். கேட்காமலே முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு. அவன் சுற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவள் ஒரே இடத்தில் நின்று கொடியசைத்துக்கொண்டா இருந்தாள்? அவளுக்கும் ஒரு வாழ்வு நடந்திருக்கிறது. அதில் அவனுக்கு இடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இரண்டாவது வாய்ப்பு என்பது ஓடி எடுத்துக்கொள்ளும் பரிசல்ல. மற்றொருவர் மனமிரங்கிக் கொடுத்தால் பெற்றுக்கொள்ள வேண்டியது. தொடர் தொடங்கிய நாளிலிருந்து எல்லாரும் அவனுக்காகவே பரிந்து பேசுகிறோம். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே, அடுத்த அத்தியாயத்தில் அவன் வாய் திறக்க மாட்டான். தெருத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பான். பேசப் போகிறவள் அவள்தான். அவள் என்ன சொல்வாள் என்பது, கடிதம் எழுதும் அன்பர்களே, சத்தியமாக எனக்கும் இன்னும் தெரியாது.