சிக்னல் மின்னாத மோட்டார்

எங்கள் வீட்டு ஹோண்டா சி70 மோட்டாரை என் கணவர் 1985-இல் சீட்டுப் பணம் எடுத்து வாங்கினார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் பால் வெட்டிய மரங்களும் போய், சுற்றிலும் செம்பனை வந்துவிட்டது. மோட்டார் மட்டும் இன்னும் ஓடுகிறது. மருமகள் அதில்தான் என் பேத்தியைத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விடுகிறாள்.

பள்ளிக்குப் போகப் பெரிய ரோட்டிலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். நம் நாட்டில் இடது பக்கமாக ஓட்டுவதால், எதிரே வரும் வண்டிகள் போகும்வரை நடு ரோட்டில் காத்து நிற்க வேண்டியிருக்கும். பின்னால் குலை ஏற்றிய லோரி வரும். இவள் திரும்பப் போகிறாள் என்று அந்த லோரிக்காரருக்குச் சொல்ல, முட்டை அளவு மஞ்சள் விளக்கு ஒன்றுதான் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் அந்த வலது சிக்னல் மின்னவில்லை. டவுன் பட்டறை ஒன்றில் காட்டினோம். வண்டி பழசு, உள்ளே இருக்கிற வயரெல்லாம் மாற்ற வேண்டும், 150 வெள்ளி ஆகும் என்றார்கள். தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்ற என் தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. “பல்பைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் வயரை மாற்றச் சொல்வதா அக்கா? டார்ச்சைக் கொண்டு வா” என்றான்.

அவன் முதலில் கேட்டது, “இடது பக்கம் மின்னுகிறதா?” என்றுதான். மின்னியது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பாருங்கள். பேட்டரி, பியூஸ், ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும் பிளாஷர் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒரு பக்கம் ஒழுங்காக மின்னினால் இவற்றைச் சந்தேகப்பட வேண்டாம். அடுத்த பக்கத்துப் பல்ப், பல்ப் உட்காரும் கூடு, அதன் வயர், சுவிட்ச் இவற்றில்தான் கோளாறு.

இரண்டு பக்கமும் செத்துப்போனால்தான் பேட்டரியைப் பார்க்க வேண்டும். “ஹெட்லைட் நன்றாக எரிகிறதே, பேட்டரிக்கு என்ன கேடு?” என்று நம் ஆட்கள் கேட்பார்கள். இந்த மாதிரி மோட்டாரில் ஹெட்லைட் எஞ்சின் ஓடும்போது உண்டாகும் மின்சாரத்தில் எரிகிறது. சிக்னலும் ஹார்னும் பேட்டரியை நம்பியிருக்கின்றன. ஹார்னை அழுத்திப் பாருங்கள். அது முனகினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் மோட்டாரில் வலது பக்கத்து முன் விளக்கு மின்னாமல் எரிந்துகொண்டே நின்றது. பின் விளக்கு எரியவே இல்லை. பழைய பிளாஷருக்குள் ஒரு தகடு இருக்கிறது. இரண்டு பல்புக்கும் போகிற மின்சாரத்தில் அது சூடேறி விலகும், ஆறினால் ஒட்டும். ஒரு பல்ப் எரியாவிட்டால் அந்தச் சூடு போதாது. சில வண்டிகளில் விளக்கு அப்படியே நிற்கும். சிலவற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். எப்படி ஆனாலும், எரியாத விளக்கைத் தேடிப் போவதுதான் வழி.

பின் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். உள்ளே கம்பி அறுகவில்லை. அடுத்துத் தம்பி ஒரு முழ வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்ப் கூட்டின் தகரத்திலும் வைத்தான். விளக்குப் பளிச்சென்று மின்னியது! மின்சாரம் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை என்று தெரிந்துவிட்டது. இதைத்தான் எர்த் கோளாறு என்கிறார்கள். ஹோண்டாவில் எர்த்துக்குப் பச்சை வயர். வலது சிக்னலுக்கு இளநீலம், இடதுக்கு ஆரஞ்சு. பச்சை வயர் முடுக்கியிருந்த இடம் முழுக்கத் துரு. என் கணவர் அந்த மோட்டாரில் எத்தனை உர மூட்டை ஏற்றியிருப்பார்! உரத்தின் உப்பு இரும்பை விடுமா? உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இறுக்கி முடுக்கினோம். செலவு அந்த உப்புத்தாள் மட்டும்தான்.

இப்போது கடைகளில் எல்.இ.டி. பல்ப் விற்கிறார்கள். வெளிச்சம் நல்ல வெளிச்சம்தான். ஆனால் அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பழைய பிளாஷர் ஒழுங்காக வேலை செய்யாது. அதற்கேற்ற பிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். எந்தப் பல்ப் வாங்கினாலும் பேட்டரியில் 6 வோல்ட் என்றிருக்கிறதா, 12 வோல்ட் என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சிக்னல் சரியாகும்வரை கையைக் காட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வலது கையில்தான் முறுக்கும் முன் பிரேக்கும் இருக்கின்றன. குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தக் கையை எடுப்பதா? அந்த இரண்டு நாளும் மருமகள் இடது ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் வண்டிகள் ஓய்ந்த பிறகே ரோட்டைக் கடந்தாள்.

இப்போது தினமும் காலையில் புறப்படுமுன் பேத்தி புத்தகப் பையோடு மோட்டாருக்குப் பின்னால் போய் நிற்கிறாள். “வலது சரி! இடது சரி!” என்று கத்துகிறாள். அதோடு விடுவதில்லை, பிரேக்கையும் மிதித்துக் காட்டச் சொல்கிறாள்.