கேட்டால் நகையாத அவை

பூட்டுகளைப் பற்றி ஆவலுடன் வினவுகிறவனைக் கண்டால் வீட்டுக்காரர்களுக்கு ஐயம் பிறப்பது இயல்பு. கணிப்பொறிப் பாதுகாப்பில் நாட்டம் கொண்ட இளைஞனின் நிலையும் அதுவே. வீட்டில் தாய் அஞ்சுகிறாள். கல்லூரியில் ஆசிரியர், 'முதலில் பாடத்தைப் படி' என்கிறார். தோழர்களோ, 'இன்னாருடைய வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டுவாயா?' என்று கேட்டு அவன் கற்க விரும்பும் கலையையே இழிவுபடுத்திவிடுகிறார்கள். அவனுக்கு வாசலைத் திறந்து வைத்துக் காத்திருப்போர் இரு சாரார்தாம். பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையத்தார் ஒரு சாரார். திருட்டுத் தொழில் செய்வோர் மற்றொரு சாரார். பின்னவர் கட்டணம் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வாசல் வேண்டுமென்ற எண்ணத்தில்தான் நாமும் நண்பர் மூவரும் சேர்ந்து, ஊர் நூலகத்தின் மாடியில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று ஒரு கூட்டம் நடத்தி வருகிறோம். மூன்றாண்டுகள் ஆகின்றன. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, பொன்னாடை இல்லவே இல்லை. சந்தாவும் கிடையாது. தேநீர்ச் செலவுக்கு ஒரு தகர உண்டியல் மட்டும் சன்னலோரம் இருக்கும். செல்போன் பழுது பார்க்கும் கடையிலிருந்து ஒரு தம்பி வருகிறார். கல்லூரி மாணவியர் சிலர் வருகின்றனர். ஓய்வு பெற்ற அஞ்சலக எழுத்தர் ஒருவர் தவறாமல் வருகிறார். நாம் கணிப்பொறி வல்லுநர் அல்லோம். முப்பதாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தோம், அவ்வளவே.

வரலாறு கற்பித்தவருக்கு எதையும் அடியிலிருந்து தேடும் வழக்கம் விடாது. இத்தகைய கூட்டங்கள் எங்கே தோன்றின என்று தேடியபோது, மேற்கு பெர்லினில் ஒரு மேசை அகப்பட்டது. 1981 செப்டம்பர் 12 அன்று, 'தாட்ஸ்' என்னும் நாளிதழின் அலுவலகத்தில் அந்த மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, கணிப்பொறியால் மனித வாழ்வுக்கு நேரப்போவது என்ன என்று பேசினர். 'கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்' அவ்வாறு பிறந்தது. அதை உருவாக்கியவருள் முதன்மையானவர் வாவ் ஹாலண்ட். 1984-இல், ஜெர்மன் அஞ்சல் துறை நடத்திய திரைவழிச் செய்திச் சேவையின் ஓட்டையை மெய்ப்பிக்க, ஹாம்பர்க் சேமிப்பு வங்கி ஒன்றின் கணக்கிலிருந்து தங்களுடைய கட்டணப் பக்கத்தை இரவெல்லாம் அழைக்கச் செய்து, ஏறத்தாழ 1,35,000 மார்க் தொகையைத் தங்கள் பேரில் ஏறச் செய்தனர். அதை மறைக்காமல் உடனே செய்தியாளரிடம் அறிவித்தனர்; பணத்தை வைத்துக்கொள்ளவில்லை. துணிவான செயல்தான். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு இதை வழிகாட்டுதலாக நாம் சொல்வதில்லை.

நம்மைக் கவர்ந்தது வேறொன்று. அதே 1984-இல் அவர்கள் ஹாம்பர்க்கில் தொடங்கிய ஆண்டுக் கூடுகை, 2019-இல் லைப்சிக் நகரில் ஏறத்தாழ 17,000 பேரைத் திரட்டியது. வாயிற்காவல் முதல் கம்பி இழுப்பது வரை அங்கே வேலை செய்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். 'தேவதைகள்' என்று பெயர். முதன்முறை வருகிறவர் கூட்டத்தில் திகைத்து நின்றுவிடாதபடி, பழையவர் சிலர் அவரைத் துணையிருந்து அழைத்துச் செல்லும் ஏற்பாடும் உண்டு. இந்த ஏற்பாட்டை நாம் வெட்கமின்றிக் கடன் வாங்கிக்கொண்டோம்.

2009-இல் லாஸ் வேகாசில் நடந்ததும் சுவையானது. பெரிய மாநாடொன்றில் இடம் கிடைக்காமல் திருப்பப்பட்ட உரைகளையெல்லாம் ஒரு வாடகை வீட்டில் சிலர் பேச வைத்தனர். இசைத்தட்டின் பின்புறத்தை நினைவூட்டும் வகையில் அதற்கு 'பிசைட்ஸ்' என்று பெயரிட்டனர். இன்று அது பல நாடுகளில், உள்ளூர் அன்பர்களின் முயற்சியாகவே நடக்கிறது. நம் நாட்டில் 'நல்' என்னும் திறந்த அமைப்பினர் புனே, பெங்களூரு முதலிய நகரங்களில் கட்டணமின்றிக் கூடுகின்றனர். 2010-இல் கோவாவில் தங்கள் முதல் மாநாட்டை நடத்தினர். அந்த ஆங்கிலப் பெயருக்கு வெறுமை என்று பொருளாம். தமிழ்ச் செவிக்கு அது நல்லதாகவே ஒலிக்கிறது.

நம் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. எவர் எதைக் கேட்டாலும் 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்கலாகாது. கேட்பதற்கு எளிய விதி. காப்பதற்கு மிகக் கடினம். அறிவுள்ள இளைஞர்க்குத் தம் அறிவைக் காட்ட அடுத்தவர் அறியாமையைப் போல் வசதியான மேடை வேறில்லை. முதல் ஆண்டில் ஒரு மாணவி, கடவுச்சொல்லை நிறுவனத்தார் அப்படியே எழுதி வைத்திருப்பார்களா என்று கேட்டாள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அடுத்த இரு மாதங்கள் அவளைக் காணோம். சிரித்த தம்பியையே அனுப்பி அழைத்து வரச் செய்தோம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தோம். கடவுச்சொல்லை மீளப்பெற முடியாத வேறோர் உருவாக மாற்றி வைப்பதே முறை என்பதையும், அவ்வாறு செய்யாத நிறுவனங்கள் இன்றும் உண்டு என்பதையும் விளக்குவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. கேள்வி எளிதன்று என்பது அன்று அவருக்கும் விளங்கிற்று.

வேறு சிறு ஏற்பாடுகளும் உண்டு. பேச்சு தமிழில்தான். பெண்பிள்ளைகள் வீடு திரும்ப வசதியாக மாலை ஆறு மணிக்குள் முடித்துவிடுவோம். பயிற்சிக்கு, வேண்டுமென்றே ஓட்டைகளுடன் கட்டப்பட்ட 'ஜூஸ் ஷாப்' என்னும் பொய்க் கடையைச் சொந்தக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொண்டு உடைத்துப் பார்க்கிறார்கள். 'ஓவாஸ்ப்' அமைப்பினர் அதை எவர்க்கும் இலவசமாகத் தருகின்றனர். பிறர் வீட்டுக் கதவைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் சில கதவுகள் தாமே திறந்துகொள்கின்றன. சென்ற ஆண்டு ஒரு பையன் முகம் வெளிறி வந்தான். தங்கையின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தும்போது, முகவரியின் இறுதியில் இருந்த எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டான். வேறொரு குழந்தையின் பெயரும் தந்தையின் கைப்பேசி எண்ணும் திரையில் வந்தன. "சார், நான் திருடிவிட்டேனா?" என்பதே அவன் கேட்ட முதற் கேள்வி.

அன்று வேறு பேச்சு எடுபடவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை விரித்து வைத்துக்கொண்டோம். உரியவர் இசைவின்றி நுழைவோர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 43-ஆம் பிரிவு. அதையே நேர்மையற்ற எண்ணத்துடனோ வஞ்சகமாகவோ செய்தால், மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 66-ஆம் பிரிவு. எண்ணம் தூயதாயிருப்பது பெரிது. எனினும் இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் தட்டிப் பார்ப்பவன் தன் தூய்மையைத் தானே கெடுத்துக்கொள்கிறான். பையன் ஒன்றோடு நிறுத்தியிருந்தான். எதையும் சேமிக்காமலும், எவர்க்கும் அனுப்பாமலும், பள்ளிக்கு ஒரு மடல் எழுத நாங்கள் துணைநின்றோம். பள்ளி நிர்வாகத்தார் தொலைபேசியில் சீறினர். காவல்துறையிடம் செல்வோம் என்றனர். பின்னர், 2004 முதல் இயங்கும் 'செர்ட்-இன்' என்னும் நடுவண் அரசின் அமைப்புக்கு முறைப்படி தெரிவித்தோம். சில வாரங்களில் ஓட்டை அடைபட்டது. நன்றி என்று ஒரு சொல்லும் வரவில்லை. அந்த மாதங்களில் பையன் தனியே இருந்திருந்தால், அடுத்த முறை கண்டதை அவன் யாரிடம் கொண்டுபோயிருப்பான்?

இன்னொரு நிகழ்ச்சி, உரியவரின் இசைவுடனேயே எழுதுகிறோம். ஊரறிந்த பெரியவர் ஒருவர் வந்து, தம் 'நண்பர்' ஒருவர் டிஜிட்டல் கைது என்னும் சூழ்ச்சியில் சிக்கியதாகச் சொன்னார். காவலர் உடையில் காணொளியில் தோன்றியவன் இரண்டு நாட்கள் அறையை விட்டு நகரவிடாமல் மிரட்டி, சேமிப்பின் பெரும்பகுதியைக் கறந்துவிட்டானாம். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை என்பது கூட்டத்தில் எல்லார்க்கும் தெரியும். அந்த நண்பர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. எவரும் சிரிக்கவில்லை. செல்போன் கடைத் தம்பி மெல்லச் சென்று அவரருகில் அமர்ந்து, "என்றைக்கு மாமா நடந்தது?" என்றார்.

பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. 1930 என்னும் எண்ணை முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தால், பணம் கைமாறுமுன் வங்கிகளில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பதினொரு நாளில் அது எத்தனையோ கணக்குகளைக் கடந்துவிட்டது. அறியாமை கொண்டுபோனது பாதி. மீட்கும் வாய்ப்பைக் கொண்டுபோனது வெட்கம். ஆயினும் அன்று மாலையே தம்பி அவருடன் அமர்ந்து புகாரைப் பதிவு செய்தார். பெரியவர் இப்போது மாதந்தோறும் வருகிறார். நடந்ததைப் புதியவர்க்குத் தம் வாயாலேயே சொல்கிறார்; நண்பருக்கு நேர்ந்தது என்று சொல்வதில்லை. அதைக் கேட்ட பின் இருவர், அதுவரை மறைத்து வைத்திருந்த தம் இழப்பை எங்களிடம் வந்து சொன்னார்கள்.

நூலக மாடியின் ஓடுகளை மாற்றப்போகிறார்களாம். ஆறு மாதம் மூடிக் கிடக்கும். தையல் பள்ளி நடத்தும் அம்மையார் தம் கூடத்தை ஞாயிறன்று தர ஒப்பியிருக்கிறார். நாற்காலிகள்தாம் பத்துக்கு மேல் இல்லை. பாய் விரித்து அமரலாம் என்கிறார் அஞ்சலக எழுத்தர். தம் முழங்காலை எண்ணாமல் சொல்கிறார்.