முள்ளம்பன்றியும் பாலைமரமும்

கொக்கிளாய் என்றதும் நீர்ப்பறவைகளே பலர் நினைவுக்கு வருவன. அங்குள்ள களப்பு 1951ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டது. ஆயினும் கரையைவிட்டு உள்ளே செல்பவன் காண்பது காடு. அக்காட்டுக்குரியவற்றுள் இரண்டு, பாலைமரமும் இரவில் இரைதேடும் முள்ளம்பன்றியும்.

முள்ளம்பன்றி பன்றியன்று. வாழ்நாள் முழுவதும் வளரும் வெட்டும் பற்கள் மேலும் கீழும் ஒவ்வோர் இணையாக அமைந்திருத்தலால், அது எலிக்கும் அணிலுக்கும் உறவான கொறிவிலங்கு. உருவத்தையும் இறைச்சியையும் கண்டு மக்கள் பன்றி என்றனர் போலும். பாலையோ பால் வடிதலாற் பெயர் பெற்றது. வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் அவ்வாறே. ஆனால் அவை அலரியின் குடும்பத்தன. வன்னிப் பாலை இலுப்பையின் குடும்பத்தது. ரொக்ஸ்பரோ அதனை முதலில் மகிழின் சாதியிலேயே சேர்த்தார். பின்னரே அது மணில்காரா என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. சப்போட்டாவும் அச்சாதியே. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய சிறுவன் சப்போட்டாக் காயையும் கடித்திருப்பின், இவ்வுறவைத் தானே ஊகித்திருப்பான்.

உலகச் செம்பட்டியலில் முள்ளம்பன்றி அச்சமற்ற நிலையில் உள்ளது. பாலையை இலங்கையின் 2012ஆம் ஆண்டுத் தேசியச் செம்பட்டியல் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகக் குறித்தது. ஒன்று உலகக் கணக்கு, மற்றது நாட்டுக் கணக்கு. நேரே ஒப்பிடுதல் தகாது. ஆனால் அளவுகோலில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் இனத்தின் வீழ்ச்சியைப் பத்து ஆண்டுகளுக்கோ மூன்று தலைமுறைகளுக்கோ, இவற்றுள் எது நீண்டதோ அதற்கு, கணிப்பர். முள்ளம்பன்றிக்கு அது ஒரு மனிதனின் நினைவுக்குள் அடங்கும். மெதுவாக வளரும் பாலைக்கு அடங்காது.

1984 டிசெம்பரில் கொக்கிளாய் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 27 ஆண்டுகளின் பின்னரே மீளக் குடியேறினர். அதற்குள் முள்ளம்பன்றி பல தலைமுறை கண்டிருக்கும்; வெடியோசை கேட்டால் வேறிடம் ஓடவும் அதற்குக் கால்கள் உண்டு. மரவள்ளியும் தென்னங்கன்றும் நடுபவர் அதனைப் பகையாகவே கருதுவர், அதில் வியப்பில்லை. பாலைக்கு அவ்வாண்டுகள் ஒரு தலைமுறைக்கும் போதா. வைரம் பாய்ந்த அதன் மரம் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் வேண்டப்பட்டது. தறித்த அடியின் அருகே இன்று முளைக்கும் கன்று நிழல்பரப்பி நிற்பதை, இளைஞராய் ஊரை நீங்கி நரையோடு மீண்டவர் காண்பது அரிது. அவருடைய பேரனுக்கு அதன் பழம் கிடைக்கலாம்.