பிறர்க்கென வளர்த்தல்

நாய் என்றவுடன் நன்றியை நினைப்பது தமிழர் மரபு. யானை போன்றாரது நட்பினும் நாய் போன்றாரது நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியார் கூறும். தன்மேல் வேல் எறிந்த தலைவனிடத்தும் வால் குழைத்து நிற்பது அதன் இயல்பு என்பதே அந்நூல் காட்டும் காரணம். இங்ஙனம் வளர்த்தாரையே பற்றி நிற்கும் பிராணியை, வேறொருவரைப் பற்றி வாழ்தற்பொருட்டே வளர்ப்பாரும் உலகில் உளர். அவரது அன்பைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

எம் அத்தையார் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரிலுள்ள மருத்துவமனை ஒன்றில் செவிலியர். சென்ற கோடை விடுமுறையில் யாம் அவர் இல்லஞ் சென்று தங்கினோம். எட்டு வாரமே நிரம்பிய பொன்னிற லாப்ரடார்க் குட்டியொன்று எமக்கு முன்னரே அங்கு விருந்தாய் வந்திருந்தது. ஹேசல் என்பது அதன் பெயர். அஃது அத்தையார் விலைக்குக் கொண்டதன்று. பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கித் தரும் சங்கத்தார், ஓராண்டளவு வளர்த்துத் தருமாறு அவரிடம் ஒப்புவித்தது. உணவுச் செலவும் மருத்துவச் செலவும் சங்கத்தாருடையன. உழைப்பும் அன்பும் வளர்ப்பாருடையன.

முதல் உலகப்போரிற் கண்ணிழந்த வீரர்க்கென 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. லிவர்பூலுக்கு எதிரே, மெர்சி ஆற்றின் அக்கரையிலுள்ள வாலசி என்னும் ஊரில், 1931-ஆம் ஆண்டில் ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா என்னும் நான்கு நாய்கள் பிரிட்டனில் முதன்முதற் பயிற்சி முடித்தன. குட்டிகளை அன்பர் இல்லங்களில் விட்டு வளர்க்கும் முறை அந்நாட்டில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கியது. கொட்டிலில் மட்டும் வளரும் குட்டி மாடிப்படியையும் கடைத்தெருவின் இரைச்சலையும் அறியாது. இல்லத்தில் வளர்வதோ மக்கள் வாழ்க்கையை இளமையிலேயே கற்கும்.

ஹேசலின் கல்வியை யாம் நாடோறும் கண்டோம். ஊதல் ஒலித்தபின்னரே அஃது உண்ணும். ‘பிஸி, பிஸி’ என்று சொன்னால் குறித்த இடத்தில் மலசலங் கழிக்கவும் அத்தையார் பழக்கினார். தடுப்பூசிகள் முடிந்தபின் பேருந்து, இரயில் நிலையம், மழை பெய்யும் தெரு என ஒவ்வொன்றிற்கும் சிறிது சிறிதாய் அழைத்துச் சென்றார். யாம் உண்ணும் மேசையினின்று ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்தலாகாது என்பது கட்டளை. நாளை உணவுவிடுதியில் தன் தலைவரின் காலடியில் அமைதியாய்க் கிடக்கவேண்டியது அன்றோ அது! ஆயினும், மேசையின்கீழிருந்து அஃது எம்மை நோக்கிய நோக்கைத் தாங்குவது எளிதாயிருந்ததில்லை.

வழிகாட்டும் நாய் ஊர்வழி முழுதும் அறிந்தது என்று பலர் எண்ணுவர். செல்லும் வழியை அறிந்தவர் பார்வையற்ற தலைவரே. தடைகளை விலக்கி நடத்தலும் சாலை விளிம்பில் நிற்றலும் நாயின் கடமை. விளக்கின் குறிப்பை அஃது உணராது. போக்குவரத்தின் ஒலி கேட்டுத் தலைவரே ஏவுவர். அவ்வாறு ஏவினும், வண்டி விரைந்து வருமாயின் ஏவலை மறுத்து நிற்கவும் அது பழகும். கீழ்ப்படிதலை நன்கு கற்றபின்னரே, வேண்டுமிடத்து மறுக்கும் அறிவு அதற்குக் கைகூடும்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் அத்தையாரிடமிருந்து கடிதம் வந்தது. “ஹேசலைப் பயிற்சி நிலையத்தில் விட்டு வந்தேன். அது திரும்பிப் பாராமல் மகிழ்ச்சியாய் உள்ளே ஓடிற்று. அவ்வாறு ஓடத்தானே வளர்த்தேன்! ஆயினும் கதவருகே தொங்கும் ஊதலை எடுத்து வைக்கக் கை வரவில்லை” என்று எழுதியிருந்தார். இனி ஹேசல் சில திங்கள் பயிற்சி பெறும். தேறுமாயின், நடைவேகமும் வாழ்க்கை முறையும் பொருந்திய ஒருவர்க்கு அது துணையாகும்.

கடிதத்தைப் படித்தபொழுது பாலைக்கலியின் செவிலித்தாய் எம் நினைவிற்கு வந்தாள். தலைவனுடன் சென்ற மகளைத் தேடி வரும் அவளுக்கு, சந்தனமும் முத்தும் யாழிசையும் பிறந்த இடத்திற்குப் பயன்படாமல் பெறுவார்க்கே பயன்படுவதைக் காட்டித் தேற்றுவர் துறவியர். அச்செவிலி பிரிவை முன்னறியாள். எம் அத்தையாரோ அதனை முதல் நாளே அறிந்தவர். அறிந்தும் அன்பிற் குறை வைத்திலர். பிரியப் போகும் குட்டிதானே என்று அன்பைச் சுருக்கியிருந்தால், அது மனிதரை நம்பக் கற்றிராது. மனிதரை நம்பாத நாய் எவரையும் நடத்தாது. ஆதலின் முழுதும் அன்பு செய்தலும் முழுதும் கொடுத்தலும் அவர்க்கு ஒரு கடமையின் இரு கூறுகளாயின.

வளர்த்தாரை மறவாமை நாயின் சிறப்பு. தமக்கென்று பற்றிக்கொள்ளாது வளர்த்தல் மக்களின் சிறப்பு. அடுத்த குட்டி பங்குனித் திங்களில் வருமென்று அத்தையார் கடித முடிவில் எழுதியுள்ளார். அதற்கும் அவ்வில்லத்தில் நிறைந்த அன்பு காத்திருக்கின்றது.