எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கணிப்பொறிகளைப் பேணுவது என் தொழில். மற்றக் கணிப்பொறிகள் கேட்பவற்றை எடுத்து வழங்கும் பெரிய கணிப்பொறிகளுக்குச் சர்வர்கள் என்று பெயர். அவற்றுள் 40 சர்வர்கள் எங்கள் அறுவர் குழுவின் பொறுப்பில் இருந்தன. புதிய மென்பொருளை ஏற்றவேண்டுமானால், பயன்படுத்துவோர் குறைந்த சனிக்கிழமை இரவைத் தேர்ந்துகொள்வோம். ஒவ்வொரு சர்வராக உட்புகுந்து, பழையதை நிறுத்திப் புதியதை வைத்து, மீண்டும் இயக்கவேண்டும். விடியும் வேளையில் கண்கள் எரியும். இருபதாவதில் செய்ததை முப்பதாவதிலும் செய்தோமா என்னும் ஐயம் நெஞ்சை அரிக்கும்.

அவ்வையம் வீண் அச்சமன்று. 2012-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நைட் கேபிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற முற்பட்டது. ஏழில் ஏற்றியாயிற்று, ஒன்று விடுபட்டுப்போயிற்று. மற்றொருவர் சரிபார்க்கவும் இல்லை. ஆகஸ்டு 1 காலை சந்தை திறந்ததும், அந்த ஒற்றைச் சர்வரில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளைக் கட்டுமீறி வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிடங்களில் நேர்ந்த இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்!

இத்தகைய விடுபடல்களைத் தவிர்க்கவே தானியங்கு மென்பொருள்கள் தோன்றின. 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் இவற்றுள் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. 2016-இல் நாங்கள் தேர்ந்துகொண்டது, மைக்கேல் டீஹான் 2012-இல் உருவாக்கிய ஆன்சிபிள். சர்வர் எந்நிலையில் இருக்கவேண்டும் என்பதைப் பிளேபுக் என்னும் கோப்பில் எழுதிவைக்கிறோம். கருவி ஒவ்வொரு சர்வரையும் சென்று நோக்கும். நிலை சரியாயிருப்பின் தொடாது. பிறழ்ந்திருப்பின் மட்டுமே திருத்தும். முறையாக எழுதிய கோப்பை ஒருமுறை இயக்கினாலும் பலமுறை இயக்கினாலும் முடிவு ஒன்றே. எது மாறியது, எது மாறவில்லை, எது தவறியது என்று இறுதியில் கணக்கும் ஒப்புவிக்கும்.

ஆயினும், அக்கோப்பை எழுத அமர்ந்தபோதுதான் மெய்யான கேள்வி எழுந்தது. எதை முதலில் நிறுத்தவேண்டும், எதை எவ்வளவு நேரம் காத்திருந்து எழுப்பவேண்டும் என்னும் நுணுக்கங்கள் பல, என் பதினோராண்டு அனுபவத்தில் என் மனத்தில் மட்டுமே இருந்தன. உடன் பணியாற்றிய தம்பி ஒருவர் தணிந்த குரலில் கேட்டார்: "அண்ணா, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?"

அதை நகைத்துத் தள்ள என்னால் இயலவில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் எங்கள் இருவருக்கும் உண்டு. பல நாள் எண்ணிய பின்னரே எழுதத் தொடங்கினேன். அறிவை ஒளித்து வைத்துக் காக்கும் பதவி, ஒளித்தவனையே சிறைப்படுத்துகிறது. அவன் நோயுறவும் கூடாது, ஊருக்குப் போகவும் கூடாது.

2018-இல் என் தந்தையார் தம் இறுதி ஒன்பது நாள்களை மருத்துவமனையில் கழித்தார். அந்நாள்களில் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. அந்தத் தம்பியே அவ்வாரத்துப் புதிய பதிப்பை, முதலில் இரண்டு சர்வர்களில் ஏற்றிச் சோதித்து, பின்னர் மற்றவற்றிலும் ஏற்றி முடித்திருந்தார். நான் தந்தையாரின் கையைப் பற்றியவாறு அமர்ந்திருந்தேன்.

இந்நன்மை விலையின்றிக் கிட்டவில்லை. மறு ஆண்டு எங்கள் குழு ஐவராகச் சுருங்கிற்று. ஒருவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எங்களுக்கு உறக்கமுள்ள இரவுகள் கிடைத்தன. அவருக்கு வேலை தேடும் பகல்கள் கிடைத்தன. மிச்சமான நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள். அப்பழியைக் கருவியின்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

கருவி, எழுதியதை எழுதியவாறே செய்யும். பிழையாக எழுதினால், அப்பிழையையும் 40 சர்வர்களுக்கு நொடியில் பரப்பிவிடும். ஆதலால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பாராமல் நாங்கள் இன்றும் இயக்குவதில்லை. எழுதிக் கொடுத்த பின்னும் மிஞ்சுவது இந்தப் பொறுப்பே என்று அத்தம்பியிடம் சொன்னேன்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் இல்லத்திலோ பணியிடத்திலோ ஒருவருக்கு மட்டுமே தெரிந்த காரியம் ஏதேனும் உண்டா? இன்றே அதை ஒரு தாளில் எழுதி, மற்றொருவர் கையில் கொடுத்து வையுங்கள். என்றேனும் ஒருநாள், இருக்கவேண்டியவர் அருகில் இருக்க அது உங்களுக்கு உதவும்.