நம்ம கோயில் லோரிக்கு முகம் மாற்றிய கதை



கோயில் லோரியை ஏன் வாசலில் காணோம்னு பல பேர் கேட்டுட்டீங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

போன மாதம் அன்னதான அரிசி ஏற்றி வரும்போது, எதிரே வந்த கார் தடம் மாறி நம்ம லோரியின் முன்பக்கம் மோதிருச்சு. ஓட்டிய தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை, முருகன் காப்பாத்தினான். ஆனா பம்பர் மடங்கி, கிரில் நொறுங்கி, இடது ஹெட்லைட் உடைந்து, முன் தகடு நசுங்கிப் போச்சு. 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் செஞ்சாச்சு. இன்சூரன்ஸ் பணம் வர நாளாகும், தைப்பூசம் நமக்காகக் காத்திருக்காது.

பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு சிலர் சொன்னாங்க. புட்டி பூசி பெயிண்ட் அடிச்சா போதும்னு சிலர் சொன்னாங்க. நாங்க முதல்ல கேபினைச் சாய்ச்சுப் பார்த்தோம். இந்த மாதிரி லோரியில கேபின் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும், முன்னால இருக்கிற கீலில்தான் சாயும். அதனால முன்னாடி விழுற அடி நேரா அந்தக் கீலுக்குப் போகும். பார்த்தா, ஒரு கீல் தாங்கியில் கீறல் விட்டிருக்கு, ரேடியேட்டரும் கசியுது. வெளியே பளபளன்னு இருந்தா யாருக்குத் தெரியும்? அந்தக் கேபினில் உட்காருவது நம்ம வீட்டுப் பிள்ளைங்க.

பேக்டரியில் இத்தனை வருஷம் வேலை செஞ்சதில் ஒண்ணு தெரியும். வளைந்த இரும்பை நிமிர்த்தலாம், கீறல் விட்ட இரும்பை நம்பக்கூடாது. அதனால பம்பரை மட்டும் தட்டி நிமிர்த்தினோம். கீல் தாங்கி, முன் தகடு, ரேடியேட்டர் மூணும் ஹாஃப்கட் கடையில் வாங்கினோம். ஒரே கம்பெனி லோரியிலேயே குறுகிய கேபின், அகலக் கேபின்னு இருக்கு, அதனால பழைய தகட்டைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்தோம். கிரில், ஹெட்லைட் இரண்டும் புதுசு. லைட்டின் பிளாஸ்டிக் காது உடைஞ்சா ஒட்டி வைக்கக்கூடாது, வெளிச்சம் மேலே தூக்கி எதிரே வர்றவங்க கண்ணைக் கூசும்.

பெயிண்டுக்கு முன்னால துருவை இரும்பு தெரியும்வரை சுரண்டி பிரைமர் அடிச்சோம். நம்ம ஊர் மழைக்கு அது இல்லேன்னா பெயிண்டுக்கு அடியிலேயே துரு ஓடும்.

மொத்தச் செலவு 3,850 வெள்ளி. கோயில் கணக்கில் 2,000, மீதி தொண்டர்கள் போட்டது. ரசீது எல்லாம் அறிவிப்புப் பலகையில் இருக்கு, யாரும் பார்க்கலாம். இன்சூரன்ஸ் பணம் வந்தா அப்படியே கோயில் கணக்குக்குப் போகும், தொண்டர்கள் திருப்பிக் கேட்கலை.

வர்ற சனிக்கிழமை காலையில் லோரிக்குப் பூசை. டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்ச கையோடு தண்ணீர்ப்பந்தல் பீப்பாய்களை ஏத்தணும். தூக்க ஆள் பத்தாது, இளைஞர்கள் வந்தா புண்ணியமாப் போகும்.

வேலும் மயிலும் துணை.