ஆங்கில வாத்தியாருக்கு யார் வாத்தியார்?

பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர் ஒருவர் ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாக மாற்றிவிடுவார். எஸ்ஸேயை ஒப்பிப்பார். ஆனால் ரயில் நிலையத்தில் யாராவது ஆங்கிலத்தில் வழி கேட்டால் வாய் திறக்காது. குற்றம் மாணவர் மீதா, ஆசிரியர் மீதா என்று பட்டிமன்றம் வைக்கலாம். அதைவிட, அந்த ஆசிரியருக்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

நம் ஊரிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, 1950களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடங்கிய பெரிய பயிற்சித் திட்டம். சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் புது முறையைச் சொல்லித்தருவது நோக்கம். சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் மற்றவர்களுக்கு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து மாதிரி. அதனால் பெயரே 'மெட்ராஸ் ஸ்னோபால்'! சென்னை வெயிலில் பனிப்பந்து என்ன ஆகும்? இப்படிப்பட்ட பயிற்சிகளில் எண்ணிக்கை பெருகும். விஷயமோ ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கரையும். கடைசி ஆசிரியரிடம் 'இப்படிச் செய்' என்பது மட்டும் போய்ச் சேரும். 'ஏன்' என்பது வழியிலேயே தங்கிவிடும்.

இரண்டாவது, என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர் திட்டம் (1979 - 1984). பெங்களூரில் மட்டுமல்ல, சென்னையிலும் கடலூரிலும் கூடச் சில பள்ளிகளில் நடந்தது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், மாணவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி தேடுவது... இப்படி. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்வார். பிறகு அதே மாதிரி இன்னொன்றை மாணவர்கள் தாங்களே செய்ய வேண்டும். கணக்குப் போடும் மும்முரத்தில் மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் நம்பிக்கை. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியாவது சரியாகச் செய்தால்தான் அது அவர்களுக்குப் பொருத்தமான வேலை என்றும் ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள்.

அதே பிரபு 1990இல் எழுதிய கட்டுரையில், எல்லா வகுப்புக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று எதுவும் இல்லை என்று வாதாடினார். தான் செய்வது ஏன் பலன் தரும் என்று ஆசிரியருக்கே ஒரு புரிதல் இருக்க வேண்டும். அது உயிரோடு இருந்து, மாறிக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்தப் புரிதல் இரண்டு நாள் பயிற்சி முகாமிலோ, டீயும் சர்டிஃபிகேட்டும் வாங்குவதிலோ வந்துவிடாது. செலவில்லாத சில வழிகள்:

1. செல்போனில் தன் வகுப்பைப் பத்து நிமிடம் பதிவு செய்து கேட்பது. ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கணக்கெடுத்தால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

2. மாதம் ஒருமுறை இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காருவது. மார்க் போடக்கூடாது, நடந்ததை மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. ஊர் பஸ் நேரப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது. அறுபது பேர் உள்ள வகுப்பிலும் இது நடக்கும்.

4. 1974இல் தொடங்கிய இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம் (எல்டாய்) போன்ற இடங்களில் மற்ற ஆசிரியர்களோடு கலந்து பேசுவது.

தனியார் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த பிள்ளை எப்படியோ தப்பித்துவிடும். முடியாத பிள்ளைக்கு இருப்பது அந்த நாற்பது நிமிடப் பீரியட் ஒன்றுதான். இன்டர்வியூ அறையில் பதில் தெரிந்தும் தலைகுனிந்து உட்காருவதும், நிமிர்ந்து பேசுவதும் அங்கேதான் முடிவாகிறது. அந்த ஆசிரியர் கற்பதை நிறுத்தும் நாளில் நஷ்டம் அவருக்கு அல்ல, கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்குத்தான்.